மறத்தல் என்னும் சொல்

புலவரே தூதராகச் செல்வது தமிழுக்குப் புதிய செய்தியன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். உறையூருக்குள் அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்கும் அதனை முற்றியிருந்த நலங்கிள்ளிக்கும் இடையே நின்று சந்து செய்ய முயன்றவர் கோவூர் கிழார். இவர்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது பாட்டு வேறு, தூது வேறு என்று எந்தத் தமிழாசிரியரும் பிரிப்பதில்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் இகழ்ந்த அந்தப் பாட்டே ஔவையாரின் தூது. சொல்லாற்றலைப் படித்தால்தான் தூதின் திறம் விளங்கும்.

சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் சின்னத்தம்பி இராசரத்தினத்தைப் பொறுத்தவரை மட்டும் இந்த நல்ல வழக்கம் கைவிடப்பட்டுவிட்டது. அமைச்சரைப் போற்றாத தமிழர் இல்லை; எழுத்தாளரைப் படித்த தமிழர் மிகச் சிலர். அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது ஒரு காரணம். அமைச்சரின் நிழல் எழுத்தாளர்மேல் விழுந்துவிட்டது என்பது மற்றொரு காரணம். ஐரின் இங் எழுதிய வாழ்க்கை வரலாறு 2010இலும் 2024இலும் இரு பெருந்தொகுதிகளாக வந்தது. அவரே தொகுத்த சிறுகதைகளும் வானொலி நாடகங்களும் 2011இல் ஒரு சிறு நூலாக வந்தன. பெரிய நூல்களைப் பற்றிப் பேசியவர்கள் சிறிய நூலைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இராசரத்தினம் எழுதியவற்றுள் மிகுதியாகப் பயிலப்படுவது எது என்று கேட்டால், அது இந்த மூன்று நூல்களிலும் தேட வேண்டியதன்று. பள்ளித் திடலில் காலைதோறும் ஒலிக்கும் தேசிய உறுதிமொழியே அது. அதன் தமிழ் வடிவில் உள்ள ஒரு சொல்லை ஆராய்வதே இங்கு நோக்கம். ஆயினும் அந்தச் சொல்லை அடைவதற்கு முன் யாழ்ப்பாணம், லண்டன், அங்கேரி என்று சிறிது சுற்றி வரவேண்டியிருக்கிறது.

இராசரத்தினம் 25-2-1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்தார். பெற்றோர் வாழ்ந்தது மலாயாவில். மூத்த குழந்தை இறந்துபோன துயரால், அடுத்த பிள்ளைப்பேறு யாழ்ப்பாணத்தில் நிகழ்வதே நல்லது என்று கருதினர். ஆறு மாதக் குழந்தையாக அவர் மலாயா திரும்பினார். தந்தையார் ரப்பர்த் தோட்டங்களின் மேற்பார்வையாளராக உயர்ந்தவர். தோட்டத்தில் மேற்பார்வையாளர் வீட்டுக்கும் லயத்து வீட்டுக்கும் உள்ள தொலைவு அடிக்கணக்கில் அளக்கக்கூடியதன்று. இரண்டிலும் தமிழ்தான் பேசப்பட்டது. ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளை சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்துக்கும் படிக்கப் போனது. மற்ற வீட்டுப் பிள்ளை பால்வாளி தூக்கியது. இராசரத்தினம் 1935இல் சட்டம் பயில லண்டன் சென்றார். போர் மூண்டது. சட்டப் படிப்பு முடியவில்லை, எழுத்து தொடங்கியது.

அந்நாளில் அவர் எழுதிய சிறுகதைகளை ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் ஜே. பி. டிரெண்ட் பாராட்டி எழுதினார். பி.பி.சி.யின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய ஜார்ஜ் ஆர்வெல் அவரை வானொலிக்கு எழுதச் செய்தார். 1943இல் அவர் பிரோஷ்கா ஃபெஹேர் என்னும் அங்கேரிய ஆசிரியையை மணந்தார். ஈழத்தவரல்லாத பெண்ணை மணந்ததில் பெற்றோருக்கு வருத்தம். பிறக்கும் பிள்ளைகள் இங்கும் சேராமல் அங்கும் சேராமல் நிற்பார்கள் என்று மருமகளிடமே சொன்னார்களாம். பிள்ளைகள் பிறக்கவில்லை.

இந்த அம்மையாரைப் பற்றி இங்குள்ளோர் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. அவருடைய தாய்வழிப் பாட்டி சாக்கி என்னும் பிரபுக்குலத்தைச் சேர்ந்தவர். முதல் உலகப் போருக்குப்பின் செல்வமிழந்த குடும்பம். அங்கேரியில் சாக்கி என்பது எளிய பெயரன்று. அக்குலப் பெயரைத் தாங்கிய பிரபு இஷ்த்வான் சாக்கி தூதுத்துறையில் வளர்ந்து 1938 இறுதியில் வெளியுறவு அமைச்சரானவர். 1939இல் அங்கேரி உலக நாடுகளின் சங்கத்தைவிட்டு விலகியதும், 1940 நவம்பர் 20ஆம் நாள் வியன்னாவில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகியவற்றின் முத்தரப்பு உடன்படிக்கையில் சேர்ந்ததும் அவர் காலத்தில். குலப்பெயருடைய அமைச்சர் இட்லரின் கூட்டணியில் கையெழுத்திட்டார். அக்குலத்துப் பேத்தியோ நாஜியத்தின் எழுச்சியைப் பொறாது இங்கிலாந்துக்கு வந்து, ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். இனத்தின் பெயரால் ஒரு நாடு என்ன ஆகும் என்பதை இராசரத்தினம் நூல்களில் மட்டும் படித்தவரல்லர் என்பதற்கு இந்த மணவாழ்க்கை ஒன்றே போதும்.

அங்கேரியில் இன்னொரு பிரபுவும் வெளியுறவு அமைச்சராக இருந்தார். அவரைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மிக்ளோஷ் பான்ஃபி 1873இல் திரான்சில்வேனியாவில் பிறந்தவர். பான்ஃபிகளின் கோட்டை போன்சிடாவில் இருந்தது. நாடகாசிரியர், ஓவியர், புடாபெஸ்ட் இசை நாடக அரங்கின் தலைவர். பேலா பார்டோக்கின் இசை நாடகத்தை மற்றவர் ஏற்கத் தயங்கியபோது மேடையேற்றியவர். 1920 ஜூன் 4ஆம் நாள் திரியனான் உடன்படிக்கையால் அங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. பான்ஃபியின் திரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் வெளியுறவு அமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பரில் சோப்ரோன் நகர மக்கள் வாக்களித்து அங்கேரியிலேயே தங்கியதும், 1922 செப்டம்பரில் அங்கேரி உலக நாடுகளின் சங்கத்தில் சேர்க்கப்பட்டதும் அவர் பதவிக்காலத்து நிகழ்ச்சிகள். துண்டிக்கப்பட்ட ஒரு நாட்டை உலக மன்றத்தில் உட்காரச் செய்தவர் அவர். 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூரை, செப்டம்பர் 21ஆம் நாள் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் 117ஆம் உறுப்பு நாடாக அமரச் செய்தவர் இராசரத்தினம். இருவர்க்கும் உள்ள ஒப்புமை இந்த அளவில் தெளிவானது. இதற்குமேல் அவர்கள் நேர்மாறானவர்கள்.

பான்ஃபி அமைச்சராக இருந்த பிறகே தம் பெரிய நூலை எழுதினார். 1926இல் திரான்சில்வேனியாவுக்குத் திரும்பி, ருமேனியக் குடியுரிமை ஏற்று, தாம் அழியக் கண்ட உலகைப்பற்றி மூன்று நாவல்களை 1934, 1937, 1940ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். தானியேல் ஆகமத்தில் பெல்ஷாத்சார் அரசனின் விருந்தில் சுவரில் ஒரு கை எழுதிய எழுத்து விவிலியம் படித்தோர்க்குத் தெரிந்தது. எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டுக் குறைவாகக் காணப்பட்டது, பிரிக்கப்பட்டது என்பது அதன் பொருள். அந்த மூன்றையுமே பான்ஃபி தம் மூன்று நாவல்களுக்கும் தலைப்பாக்கினார். 1904 முதல் 1914 வரையுள்ள பத்தாண்டுகளில் அங்கேரியப் பிரபுக்கள் ஆடுகிறார்கள், வேட்டையாடுகிறார்கள், சூதாடுகிறார்கள். நாடாளுமன்றத்திலோ, படையில் ஆணையிடும் சொற்கள் ஜெர்மன் மொழியில் இருக்க வேண்டுமா அங்கேரிய மொழியில் இருக்க வேண்டுமா என்று ஓயாமல் சண்டையிடுகிறார்கள். மலைக்காட்டு ருமேனியக் குடியானவனைக் கந்துவட்டிக்காரன் உறிஞ்சுவதைப் பற்றி அவர்களில் மிகச் சிலருக்கே கவலை. மொழிக்காகச் சண்டையிட்ட அதே நாற்காலிகளை நான்கு ஆண்டுப் போர் தூக்கி எறிந்துவிட்டது. இந்த நாவல்களைப் படிக்கும் தமிழாசிரியர் சில பக்கங்களில் நிறுத்திப் பெருமூச்சு விடக்கூடும்.

பான்ஃபியின் கலை நினைவின் கலை. ஒரு விருந்தில் என்ன பரிமாறினார்கள், எந்தக் குதிரை எந்த வண்டியில் பூட்டப்பட்டது என்பதுவரை அவர் மறக்கவில்லை. தம் குலத்தின் குற்றத்தையும் மறக்கவில்லை. அதுவே அவர் பெருமை. பின்வாங்கிய ஜெர்மானியர் 1944இல் போன்சிடாக் கோட்டையைக் கொளுத்தினர். அவர் 1950இல் புடாபெஸ்டில் இறந்தார். அவருடைய மகளார் உடன்மொழிபெயர்த்த ஆங்கில வடிவம் 1999க்குப் பின்னரே வெளிவந்து, உலகம் அவரைப் படித்தது.

இராசரத்தினம் இதற்கு மறுதலை. கதை முதலில், பதவி பின்னர். 1948 அளவில் மலாயா திரும்பி, ‘மலாயா டிரிபியூன்’, ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்டு’, ‘ஸ்டிரெயிட்ஸ் டைம்ஸ்’ இதழ்களில் பணியாற்றி, 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியோருள் ஒருவராகி, 1959இல் கம்போங் கிளாம் தொகுதியில் வென்று பண்பாட்டு அமைச்சரானார். சிறுகதை அவரைவிட்டுப் போயிற்று. நினைவைத் துருவும் நீண்ட நாவலை எழுத அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் எழுதியிருப்பாரா என்பது ஐயமே. அவர் கதைகளின் போக்கே வேறு.

அக்கதைகளின் தலைப்புகளைத் தமிழில் சொன்னால் பஞ்சம், வறட்சி, வெட்டுக்கிளிகள், நடக்க வேண்டியது, புலி என்று வரும். குண்டு விழும் லண்டனில் இருந்துகொண்டு ஆசியக் குடியானவனின் பசியையும், விதியை நம்பி அவன் தலைகுனிவதையும் எழுதியிருக்கிறார். விதிக்கு அஞ்சிக் கடல் கடந்து பிள்ளை பெற்ற தாயின் மகன் அவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரக்கம் உண்டு, ஆனால் எட்ட நின்ற இரக்கம். மாந்தரைவிட வானமும் மண்ணும் அழுத்தமாக நிற்கும். பசித்தவனின் வீட்டுக்குள் நுழைந்து அவன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதிய எழுத்து அன்று அது. அவருடைய புகழ்பெற்ற கதை தோட்டத்து லயத்தில் நிகழவில்லை என்பதும் தமிழ் வாசகரை உறுத்தும். மேட்டு வீட்டிலிருந்து பார்த்தவருக்கு லயம் மிக அருகில் இருந்தது. அருகில் இருந்ததனாலேயே எழுத இயலாமற் போயிருக்கலாம்.

‘புலி’ மட்டும் இந்தக் குறையைத் தாண்டி நிற்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியான பாத்திமா என்னும் மலாய்ப் பெண் ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கிறாள். கரையில் ஒரு புலி. உடல் நடுங்குகிறது. சிறிது நேரத்தில், அது தன்னைத் தாக்காது என்று அவளுக்குத் தோன்றிவிடுகிறது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. வீடு திரும்பிச் சொல்கிறாள். கம்பத்து ஆண்கள் துப்பாக்கியோடு புறப்படுகிறார்கள். அவள் மனம் புலியின் பக்கமே நிற்கிறது. இரவில் வெடியோசை கேட்கிறது. திரும்பியவர்கள், கொன்றது பெண்புலி என்றும் அப்போதுதான் ஈன்ற குட்டிகள் கிடைத்தன என்றும் மகிழ்ந்து சொல்கிறார்கள். பாத்திமாவுக்குப் பிள்ளைவலி எடுக்கிறது.

இக்கதையில் ஆசிரியர் எங்கும் வாய்திறந்து அறம் உரைக்கவில்லை. ஆற்றுநீரில் நின்ற அந்தச் சில நொடிகளில் ஒருத்தி மனிதர் விலங்கு என்னும் வேற்றுமையையே மறந்துவிடுகிறாள். யாரும் அவளை மறக்கச் சொல்லவில்லை. தாய்மை என்னும் ஒற்றுமை முதலில் வந்தது. வேற்றுமை தானே நழுவியது. ஆண்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு அது புலி, சுட வேண்டியது. ஒருத்தி மறந்ததனால் துப்பாக்கிகள் ஓயவில்லை என்பதையும் கதை மறைக்கவில்லை. முப்பதாவது வயதை ஒட்டிய ஓர் இளைஞர் இதை எழுதினார் என்பது வியப்புக்குரியது. பிற்காலத்தில் அவர் ஆற்றிய நூற்றுக்கணக்கான சொற்பொழிவுகளில் இவ்வளவு நேர்மையான ஐயம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

1957இல் மலாயா வானொலியில் ஒலிபரப்பான ‘உருவாகும் ஒரு நாடு’ என்னும் தொடர் நாடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல இனத்தாரும் பல மொழியாரும் ஒரே நாட்டினர் ஆதல் கூடுமா என்பது பொருள். கருத்துகள் எதிரெதிரே நின்று வாதாடுகின்றன. கெட்டிக்காரத்தனமான வாதம், ஆனால் எந்தப் பாத்திரத்துக்கும் பசிப்பதில்லை, வலிப்பதில்லை. கதாசிரியர் இதழாசிரியராகி, இதழாசிரியர் அமைச்சராகும் வழியில் இடைப்பட்ட படி அது.

இனி உறுதிமொழி. 1964 ஜூலை 21ஆம் நாள் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்தில் 23 பேர் இறந்தனர். செப்டம்பரில் மீண்டும் 13 பேர் இறந்தனர். இராசரத்தினத்தின் கம்போங் கிளாம் தொகுதி மலாய் முஸ்லிம்களின் பழைய வாழ்விடம். ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் சிராங்கூன் சாலை, தமிழர் கடைகள். அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. பள்ளிகளில் கொடியேற்றும்போது சொல்வதற்கு ஓர் உறுதிமொழி வேண்டும் என்று கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் விரும்பினார். அவர் அனுப்பிய வரைவுகளைப் பார்த்த இராசரத்தினம் 1966 பிப்ரவரி 18ஆம் நாள் தம் வரைவை எழுதி அனுப்பினார். பிரதமர் லீ குவான் இயூ அதைத் திருத்தினார். 1966 ஆகஸ்டு 24ஆம் நாள் 529 பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மாணவர் முதன்முதலாக அதனை ஓதினர்.

இராசரத்தினத்தின் வரைவில், இன மொழி மத வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்ட மக்கள் ஆவோம் என்னும் கருத்து இருந்தது. திருத்திய ஆங்கில வடிவில் மறத்தல் இல்லை. இனம், மொழி, மதம் எதுவாயினும் அதனைப் பொருட்படுத்தாமல் என்று ஆயிற்று. மறத்தலுக்கும் பொருட்படுத்தாமைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. ஒருவன் தன் மொழியை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டே, அடுத்தவனோடு பழகும்போது அதனைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். மறத்தல் அவனிடமிருந்து அதைவிட அதிகம் கேட்கிறது. அரசியல் தலைவரின் கை எழுத்தாளரின் சொல்லை இறக்கி, நடைமுறைக்கு ஏற்ற ஒரு சொல்லை வைத்தது. திருத்தம் நல்ல திருத்தமே.

மலாய் வடிவில் இவ்விடத்தில் ‘தீடா கிரா’ என்று வரும். கிரா என்றால் எண்ணுதல், கணக்கிடுதல் என்பது மலாயாவில் பிழைத்த எல்லாத் தமிழர்க்கும் தெரியும். ஆகவே கணக்கிடாமல் என்பது பொருள். சீன வடிவில் பிரித்துப் பாராமல் என்னும் பொருள்தரும் சொல் வரும். பான்ஃபி தம் நாவல்களுக்கு எடுத்த சுவரெழுத்தில் எண்ணுதலும் பிரித்தலும் நாட்டின் அழிவுக்குக் குறியாக நின்றன; இங்கே எண்ணோம் என்றும் பிரியோம் என்றும் இரு மொழியார் உறுதி சொல்கின்றனர். யாரும் திட்டமிடாத ஒற்றுமை இது.

தமிழ் வடிவில் இருப்பதோ ‘மறந்து’. ஆங்கிலம் கைவிட்ட சொல்லைத் தமிழ் வைத்துக்கொண்டிருக்கிறது. நான்கு மொழிகளிலும் இராசரத்தினத்தின் முதல் வரைவுக்கு மிக நெருங்கி நிற்பது, அவர் எழுத்துமொழியாகக் கொள்ளாத தமிழே. இத்தனை ஆண்டுகளாக இதை ஓதியும் ஓதச்செய்தும் வந்த தமிழாசிரியர்கள் இதைப்பற்றி ஒரு கட்டுரையேனும் எழுதியிருக்க வேண்டாமா?

இலக்கணம் இங்கே இன்னும் நுட்பமானது. மறந்து என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அது இறந்தகாலம் காட்டும் என்பது நன்னூல் கற்ற மாணவனுக்கும் தெரியும். உண்டு வந்தான் என்றால் உண்டல் முதலில் முடிந்தது, வருதல் பின்னர். வேற்றுமையை மறந்து ஒன்றுபடுவது என்றால் மறத்தல் முடிந்த பின்னரே ஒன்றுபடுதல் தொடங்கும். பாராது, கருதாது, எண்ணாது என்னும் எதிர்மறை எச்சங்களுள் ஒன்று வந்திருந்தால் இந்த வரிசைமுறை எழாது. ‘புலி’க் கதையில் நிகழ்ந்தது இதற்கு மாறு: ஒன்றுதல் முதலில், மறத்தல் பின்னர். கதாசிரியர் கண்ட வரிசையை உறுதிமொழி தலைகீழாக்கிவிட்டது.

மற்றொன்று ‘ஆகிய’ என்னும் பெயரெச்சம். இன மொழி மத வேற்றுமைகள் என்று தொகைப்பட வந்திருந்தால் இனத்தால், மொழியால், மதத்தால் உண்டாகும் வேற்றுமைகள் என்று கொள்ளலாம். அப்போது மறக்க வேண்டியது வேற்றுமையை மட்டுமே, மொழி தப்பியது. இனம், மொழி, மதம் என்று எண்ணி ‘ஆகிய’ என்று முடித்தால், அம்மூன்றுமே அவ்வேற்றுமைகள் என்றாகும். சேர, சோழ, பாண்டியர் ஆகிய மூவேந்தர் என்றால் அம்மூவருமே வேந்தர்கள் அன்றோ? அவ்வாறாயின் தமிழ்ச் சிறுவன் தமிழிலேயே தமிழை மறப்பதாக உறுதி சொல்கிறான் என்று குறும்புக்காரர் ஒருவர் வாதிட இடமுண்டு. மொழிபெயர்த்தவர் இதைக் கருதியிருக்கமாட்டார். இருந்தாலும் சொல் கருதியவரோடு நின்றுவிடுவதில்லை.

மறத்தலைப்பற்றி வள்ளுவர் மிகக் கவனமாகவே பேசினார். மறதியைப் பகையாகக் கருதிப் பொச்சாவாமை என்று ஓரதிகாரம் வகுத்தார். செய்ந்நன்றியறிதலில், எதை உடனே மறக்கலாம், எதை மறத்தலாகாது என்று பிரித்தும் காட்டினார். மறக்கத்தக்கது பிறர் செய்த தீமை. வேற்றுமை தீமையா என்பதே கேள்வி. இராசரத்தினத்தின் விடை, வேற்றுமை தீமையன்று, ஆனால் பிரிந்த நாட்டில் அது தீப்பற்றும் பொருள் என்பது போலும். அதற்கு அவரிடம் சான்று இருந்தது: 1964இன் தெருக்கள் ஒன்று, வீட்டில் இருந்த அங்கேரிய அம்மையார் மற்றொன்று.

1984இல் பழைய வட்டாரங்களை நகரமைப்புக்குள் பேணுவது பற்றிய ஒரு கருத்தரங்கில் அவர் இதே பொருளைப் பேசினார். சிங்கப்பூரின் வரலாற்றை 1819இலிருந்து தொடங்குவதே தக்கது. அதற்கு முன்னே போனால் ஒவ்வோர் இனமும் தன் தன் பழம்பெருமைக்குப் போய்விடும் என்பது அவர் வாதம். ஐந்தாண்டு கழித்து, 1989 ஜூலையில் சிராங்கூன் சாலை வட்டாரமும் கம்போங் கிளாமும் சைனா டவுனும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. தேக்காவில் இன்று நடப்பவர், வீரமாகாளியம்மன் கோயிலையும், டன்லப் தெருவின் அப்துல் கபூர் பள்ளிவாசலையும், ரேஸ் கோர்ஸ் சாலையின் புத்தர் கோயிலையும் சிறு நடைத்தொலைவுக்குள் காணலாம். எதுவும் மறக்கப்படவில்லை, சுவர்களுக்கு வண்ணம் பூசிப் பேணப்படுகிறது. அதே 1989இல்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் இனவிகிதம் கணக்கிடும் கொள்கையும் வந்தது. இனங்கள் தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்துவிடாமல் கலந்து வாழ்வதற்காகவே கணக்கு; நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எண்ணாமல் இருப்பதற்காக எண்ண வேண்டியிருக்கிறது. பள்ளியிலும் அப்படியே. திடலில் வேற்றுமை மறந்த மாணவன், மணியடித்ததும் தாய்மொழி வகுப்புக்கு இனவாரியாகப் பிரிந்து போகிறான். அந்தப் பிரிவு இல்லையேல் தமிழாசிரியருக்கு வகுப்பே இல்லை. எண்ணப்படுவதாலேயே இங்குத் தமிழ் வாழ்கிறது என்னும் உண்மையை இராசரத்தினத்தைப் போற்றும் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

பிரோஷ்கா அம்மையார் 1989இல் காலமானார். இராசரத்தினத்துக்கு 1994இல் மறதிநோய் கண்டறியப்பட்டது. பேச்சிழந்து சில ஆண்டுகள் கிடந்து 22-2-2006இல் அவர் மறைந்தார். இந்த நோயை அவருடைய சொல்லோடு முடிச்சுப் போட்டுச் சுவையாகப் பேசியவர்களும் உண்டு. அது விமர்சனம் ஆகாது.

விமர்சனம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவருடைய வரைவில் மறத்தல் தனியாக நிற்கவில்லை. மகிழ்ச்சியையும் முன்னேற்றத்தையும் தேடும் வழி, ஒருவர்க்கொருவர் உதவுதல் என்று அதன் இறுதியில் எழுதியிருந்தார். ஆற்றில் பாத்திமாவுக்குத் தானே நிகழ்ந்தது, பிறர்க்கு எவ்வாறு நிகழும் என்பதற்கு அந்த வரைவில் இருந்த ஒரே விடை அதுதான். இறுதி வடிவில் அந்தத் தொடர் ஆங்கிலத்தில் விடுபட்டது. மலாயிலும் சீனத்திலும் இல்லை. மறத்தலைக் காப்பாற்றிய தமிழிலும் உதவுதல் இல்லை.